மடை யார் கையில்?

மரக்காணத்துக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடை. விடியும் முன்னே அளத்துக்குப் போகிறவர்களும், வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட்டுத் திரும்புகிறவர்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். என்னைப்போல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் காரை நிறுத்துகிறவர்கள் உதிரி வரவு. டீயும் வடையும் சாப்பிட்டு முடித்து, வடைப் பெட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைமுன் கைபேசியை நீட்டினேன். மேலே இருந்த சின்னப் பெட்டி, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழில், பணம் வந்துசேர்ந்ததை அறிவித்தது.

"இந்தப் பெட்டி உங்களுதாண்ணே?"

"கம்பெனிக்காரனுது. மாசாமாசம் வாடகை புடிச்சுக்கிறான்."

"அந்த அட்டை?"

"அதுவும் அவனுதுதான். பணம் மட்டும் நம்முது."

கடைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் இருக்கும். பெரும்பகுதி அரசு நிலம். குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒரு பக்கம், கூலிக்கு வாருகிறவர்கள் இன்னொரு பக்கம். நிலம் ஒருவருடையது, குத்தகை வேறொருவருடையது, முதுகு ஒடிய வாருவது மூன்றாமவர். டீக்கடைக்காரர் தன் பெட்டியைப் பற்றிச் சொன்ன பாகப்பிரிவினை இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

மென்பொருள் உலகில் 'பிளாட்ஃபார்ம்' என்று ஓயாமல் பேசுகிறார்கள். தமிழில் தளம் என்கிறோம். சோப்பு செய்கிறவர் சோப்பு விற்கிறார், அது பண்டம். தளத்துக்காரரின் பிழைப்பு வேறு. பிறர் செய்து பிறரிடம் விற்பதற்கான இடத்தைக் கட்டிவைத்து, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். அளத்திலும் கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி அடர்த்தியில்தான் நுழைகிறது. பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. பூக்கவைப்பது வெயிலும் காற்றும். மனிதர்கள் செய்வது வரப்பு கட்டுவது, மடை திறப்பது, மூடுவது, கடைசியில் வாருவது. இதில் மடைக்கு உரிமைக்காரர் யார் என்பதை வைத்தே மற்ற எல்லாக் கணக்கும் அமைகிறது. கணினித் தளங்களிலும் அப்படித்தான். ஆனால் நம் விவாதங்கள் பாத்தியின் பளபளப்பிலேயே நின்றுவிடுகின்றன.

மரக்காணத்திலேயே ஒரு பழைய தளம் தூர்ந்து கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சொந்த முதலில் வெட்டிய வாய்க்கால் அது. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-இல், பட்டினியில் கிடந்த மக்களைக் கொண்டு நீட்டினார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்தில் தொடங்கி 420 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து மரக்காணத்தில் முடிகிறது. உப்பும் விறகும் நெல்லும் அதில் சென்னைக்குப் போயின. படகு யாருடையதாகவும் இருக்கலாம், சரக்கு எதுவாகவும் இருக்கலாம்; சுங்கம் கட்டினால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுக்குள் படகு நுழைய வேண்டும். மதகின் அகலத்துக்குள் அடங்குகிற எதையும் தச்சர் தன் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். கால்வாய்க்காரரிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை.

மென்பொருள்காரர்கள் ஏபிஐ என்று சொல்வது இந்த மதகின் அளவைத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே வெளியாள் ஒருவர் தன் பொருளை இணைத்துக்கொள்வதற்கான, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட வாசல். அந்த அளவு அடிக்கடி மாறாது என்ற நம்பிக்கையில்தான் தச்சர் மரம் வாங்குவார். நாளைக்கே மதகை அரை முழம் குறுக்கினால் ஊரிலுள்ள படகெல்லாம் விறகு.

டீக்கடை அட்டைக்குப் பின்னால் இருக்கும் யூபிஐ, நம் காலத்தில் வெட்டப்பட்ட அப்படியொரு கால்வாய். தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு தொடங்கியது. எந்த வங்கிக் கணக்கும், எந்தச் செயலியும், எந்த அட்டையும் ஒன்றோடொன்று பேசலாம் என்பதே அதன் சாரம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2024-இல் நடந்த ஒரு சம்பவம். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கடுமையான தடைகளை விதித்தது. நாடு முழுக்கக் கடைகளில் அதன் அட்டைகள் ஒட்டியிருந்தன. மூடிய தளமாக இருந்திருந்தால் ஒரே நாளில் அவை வெறும் காகிதம். மார்ச் நடுவில் செயலியை வேறு வங்கிகளோடு இணைக்க அனுமதி கிடைத்தது. பழைய அட்டைகள் வழியே பணம் தொடர்ந்து வந்தது. வங்கி போனது, அட்டை பிழைத்தது. வாசலையும் வங்கியையும் தனித்தனியாகக் கட்டியிருந்ததால் வந்த பயன் இது.

இந்தப் பெருமையோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. கால்வாய் பொதுவானது, சரி. படகுகள்? யூபிஐ பரிமாற்றங்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாக நடக்கின்றன. ஒன்றில் பெரும்பங்கு வால்மார்ட்டுடையது, மற்றொன்று கூகுளுடையது. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் கழகம் வரம்பு சொன்னது. கெடு நீண்டுகொண்டே போய் இப்போது 2026 டிசம்பரில் நிற்கிறது. தப்பு யார் மீது என்று சொல்வதும் எளிதில்லை. எல்லோரும் வைத்திருப்பதையே நாமும் வைத்துக்கொள்கிறோம். நாம் வைத்திருப்பதால் அடுத்தவரும் வைத்துக்கொள்கிறார். கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் போகும் என்பது சந்தைக்குப் போன எந்தப் பாட்டிக்கும் தெரியும். மென்பொருளில் அது பல மடங்கு வேகத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

பரிமாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது என்று 2020 ஜனவரியில் முடிவானது. அப்படியானால் செலவை யார் ஏற்பது? சிறு தொகைப் பரிமாற்றங்களுக்காக அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மிச்சத்தைச் செயலிக்காரர்கள் கடன் விற்று, காப்பீடு விற்று, விளம்பரம் காட்டி, டீக்கடைக்குப் பேசும் பெட்டியை வாடகைக்கு விட்டு ஈடுகட்டுகிறார்கள். இரு பக்கத்தாரும் கூடுகிற சந்தையில் ஒரு பக்கத்தாருக்கு இலவசம் என்றால் மறுபக்கத்தில் எங்கோ பில் போடப்படுகிறது. கல்யாணத் தரகரிடம் இரண்டு வீட்டாரில் யார் அதிகம் கொடுப்பார்கள் என்பதைப்போல.

தரகர் என்றதும் ஒரு சென்னை நிறுவனம் நினைவுக்கு வருகிறது. முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்த நாட்களில் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் வரன் பகுதிக்குத்தான் கூட்டம் என்று கண்டுகொண்டதிலிருந்து வளர்ந்தது பாரத் மேட்ரிமோனி. அது தன்னளவில் ஒரு தளம். பெண்கள் பதிவு செய்தால்தான் மாப்பிள்ளைகள் வருவார்கள், மாப்பிள்ளைகள் இருந்தால்தான் பெண் வீட்டார் பணம் கட்டுவார்கள். இந்தத் தளம் இன்னொரு பெரிய தளத்தின்மேல் நிற்கிறது என்பதில்தான் வம்பு. கூகுள் தேடலில் நியாயமில்லை என்று இந்திய போட்டி ஆணையத்திடம் அந்த நிறுவனம் புகார் செய்தது 2012-இல், கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது 2018 பிப்ரவரியில். ஆறு ஆண்டு. தொழில்நுட்பத்தில் அது ஒரு தலைமுறை.

அடுத்த சண்டை பிளே ஸ்டோரில் வந்தது. செயலிக்குள் வாங்கும் சேவைகளுக்கு கூகுள் 15 முதல் 30 சதவீதம் வரை கேட்டது. வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்ற மாற்று ஏற்பாடு வந்தபோதும் தள்ளுபடி வெறும் 4 சதவீதம். ஆக 11 அல்லது 26 சதவீதம் கட்ட வேண்டும். பணம் வசூலிக்கும் வேலையையும் நாமே செய்துகொண்டு கப்பமும் கட்டுவது. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஒரே வாரத்துக்குள் இரண்டு உத்தரவுகள் போட்டது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் விவகாரத்தில் 936.44 கோடி. இரண்டாவது தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. இந்த வழக்குகளுக்கு நடுவே, 2024 மார்ச் 1 அன்று, பாரத் மேட்ரிமோனி உட்படப் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை கூகுள் கடையிலிருந்து தூக்கியது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்ப வந்தன.

கூகுளுக்கும் சொல்ல ஒரு நியாயம் உண்டு, அதை ஒதுக்கக் கூடாது. கடையைக் கட்டியது அவர்கள். கள்ளச் செயலிகளை வடிகட்டுகிறார்கள். கோடிக்கணக்கானோரின் கைக்கு எட்டச் செய்கிறார்கள். வாடகை கேட்பதே தவறென்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சில நாட்கள் ஒரு சென்னை நிறுவனத்தின் பிழைப்பு ஒரு அமைச்சரின் தொலைபேசி அழைப்பை நம்பி இருந்தது என்பதே என்னை உறுத்துகிறது. அமைச்சரை அழைக்க முடியாத திண்டிவனத்துப் பையன் ஒருவனின் செயலியைத் தூக்கியிருந்தால் அது செய்தியாகக்கூட வந்திருக்காது.

தளத்தைச் சுற்றி வாழும் இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் இகோசிஸ்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கையிடம் கடன் வாங்கிய சொல். அசல் இகோசிஸ்டம் ஒன்று மரக்காணத்தின் பின்கட்டிலேயே இருக்கிறது. கழுவெளி. உப்பங்கழி வழியே கடலோடு பேசும் அந்தச் சதுப்பேரியில், 5,151 ஹெக்டேரை, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே வலசை வரும் பறவையிடம் மீனில் 30 சதவீதம் யாரும் கேட்பதில்லை. ஏரிக்கு முதலாளி கிடையாது. கணினிக்காரர்களின் இகோசிஸ்டத்துக்கு முதலாளி உண்டு; அதைச் சொல்லாமல் விடுவதற்கே அந்தப் பச்சைப்பசேல் சொல் பயன்படுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதலாளி தோற்றால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் போய்வந்த இளம்பெண்களின் முதல் சம்பளம் பல வீடுகளில் சுவராகவும் கூரையாகவும் மாறியது. அப்போது உலகில் விற்ற கைபேசிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு நோக்கியாவுடையவை. கீழே போட்டாலும் உடையாத கருவி, மூன்று நாள் தாங்கும் பேட்டரி. கருவியில் அவர்களை ஜெயிக்க ஆளில்லை. ஆனால் 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைச் சுமார் 500 செயலிகளோடு திறந்தது; அதே ஆண்டு ஆண்ட்ராய்டும் வந்தது. எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த நிரல் எழுதும் பையன்கள், நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளத்துக்கு எழுதுவதைவிட இவற்றுக்கு எழுதுவது எளிது என்று கண்டார்கள். அவர்கள் நகர்ந்தார்கள். செயலிகள் நகர்ந்தன. செயலிகளைத் தேடி மக்கள் நகர்ந்தார்கள்.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலப் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு பிரசித்தம். வடகடலில் தீப்பிடித்த எண்ணெய் மேடையில் நிற்பவனின் கதையைச் சொல்லி, கருவிகளின் சண்டை இகோசிஸ்டங்களின் போராகிவிட்டது என்று எழுதினார். பிறகு மைக்ரோசாஃப்டின் கையைப் பிடித்தார்கள்; அந்தப் பக்கமும் செயலிகள் சேரவில்லை. 2013-இல் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று மூடினார்கள். ஆலை மூடியதற்கு வரிதான் காரணம் என்று அன்று எழுதினோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். வரி வாசற்கதவை மூடியது உண்மை. வீடு அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பே காலியாகத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்கள் பொருத்திய கருவியில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் பார்த்தே இராத ஒரு கூட்டம், நிரல் எழுதும் கூட்டம், வேறு தளத்துக்குக் குடிபெயர்ந்ததால் அவர்கள் வேலை போனது. அதே வளாகத்தை 2019-இல் சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்தது. செய்யும் பொருள் சார்ஜர். வாங்குகிறவர்களில் ஒருவர் ஆப்பிள்.

உப்புக் கடற்கரைக்கு இந்தக் கதை வேறு உருவத்தில் ஏற்கெனவே தெரியும். 1805-இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவிக்கத் தடையில்லை; விளைந்ததைக் கம்பெனியிடம், கம்பெனி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. கடலும் வெயிலும் உழைப்பும் பழையபடியே இருந்தன. வெளியே போகும் வழி மட்டும் ஒன்றாகச் சுருங்கியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த வழியை உடைக்கத்தான். உப்பு வரி 1947-இல்தான் ஒழிந்தது. கூகுளைக் கம்பெனி சர்க்கார் என்று சொன்னால் மேடையில் கைதட்டல் கிடைக்கும். நான் சொல்ல மாட்டேன். சிறையும் தடியும் இதில் இல்லை, வேண்டாமென்றால் விலகலாம். ஆனால் விலகி எங்கே போவது என்ற கேள்விக்கு அன்றும் இன்றும் பதில் ஒன்றுபோலவே இருக்கிறது.

வாசல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கரையில் ஒரு சாட்சி உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா என்று மீனவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகத் திரட்டிய தகவல் அது, யாரும் படிக்கும்படி கிடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். தொலைக்காட்சியில் பார்த்ததைச் சொல்லி எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்துக்குள் புகுந்து ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் பிழைத்தார்கள்.

அந்த ஒலிபெருக்கியை வைத்தவர்கள் ஆழிப்பேரலையை நினைத்து வைக்கவில்லை. அலை உயரம் சொல்ல மட்டுமே உரிமம், வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு நிபந்தனை அதில் இருந்திருந்தால்? கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். இன்றைய செயலிக் கடைகளின் நிபந்தனைப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குத் தோன்றாது.

ஆகவே 'நமக்கென்று ஒரு பிளே ஸ்டோர்' என்ற முழக்கத்தில் எனக்கு உற்சாகம் குறைவு. 2024 பிப்ரவரியில் போன்பே தன் இண்டஸ் ஆப் ஸ்டோரைத் திறந்தது. போட்டி என்ற அளவில் வரவேற்கலாம். கூகுளின் மதகுக்குப் பக்கத்தில், யூபிஐயின் மிகப்பெரிய படகுக்காரர் கட்டிய இன்னொரு மதகு அது. 2025 செப்டம்பரில் ஜோஹோவின் அரட்டை செயலியை எல்லோரும் பதிவிறக்கினோம். உள்ளே போய்ப் பார்த்தால் மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை, வாட்ஸ்அப்புக்கே திரும்பினோம். செயலி மோசமில்லை, நம் ஆட்கள் அங்கே இல்லை. செய்திச் செயலிகளும் யூபிஐபோல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று அப்போது ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தன் செயலியின் ஏற்றத்துக்கு நடுவே அவர் அதைச் சொன்னது சரியான பேச்சு. ஒரு சுதேசி வாட்ஸ்அப்பைவிட, எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி போகும் வழி பயனுள்ளது.

சட்டத்தில் கேட்க வேண்டியதும் அதுவே. மதகு காக்கிறவர் அதே கால்வாயில் தானும் படகு விட்டால், தன் படகுக்கும் பிறர் படகுக்கும் ஒரே சுங்கம், ஒரே வரிசை. மதகின் அளவை மாற்றுவதானால் தச்சருக்கு முன்னறிவிப்பு. ஊரைவிட்டுப் போகிறவர் தன் வாடிக்கையாளர் கணக்கைக் கையோடு கொண்டுபோகும் உரிமை. கடையிலிருந்து தூக்குவதற்கு முன் ஒரு நடுவரிடம் முறையிட வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சிலிருந்து பெரிய தளங்களை இப்படிப்பட்ட விதிகளுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் அதே மாதம் எண்ணியல் போட்டிச் சட்டத்துக்கு ஒரு வரைவு வெளியானது, வரைவாகவே கிடக்கிறது. குற்றம் நடந்த பிறகு ஆறு ஆண்டு விசாரித்து அபராதம் போடும் முறையே இன்னும் நம் கையிலிருக்கும் ஒரே கருவி.

மறுபடி ஐப்பசியில் அந்த வழியே போக நேர்ந்தது. இரண்டு நாள் அடைமழை. பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் அளம் முழுக்கத் தண்ணீர்; வாருகிறவர்கள் வரவில்லை. டீக்கடையில் அடுப்பு ஒன்றுதான் எரிந்தது. இனி தை, மாசிவரை இப்படித்தான் என்றார் கடைக்காரர். ஒரு டீக்குப் பணம் அனுப்பினேன். பெட்டி கணீரென்று அறிவித்தது. "மழைன்னா எங்களுக்கு மூணு மாசம் லீவு," என்றார், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "இதுக்கு வாடகை மட்டும் லீவு இல்ல."